மன்னாருக்குப் பயணம் சொன்னோம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் மன்னார் என்ற பேரை யாரும் சும்மா எடுக்க மாட்டார்கள். அட்டன் என்றால் சாமான் வாங்க, நுவரெலியா என்றால் கச்சேரியில் அரசாங்கக் காகித வேலை, கண்டி என்றால் பெரிய ஆஸ்பத்திரி. மன்னார் என்றால் ஒரே அர்த்தம்தான். அந்தக் குடும்பம் ஒரேயடியாக ஊருக்கு, கடலுக்கு அக்கரையில் இருக்கும் இந்தியாவுக்குப் போகிறது. தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டால் அப்புறம் ஒரு கடுதாசி வந்தால் உண்டு, வராவிட்டால் அதுவும் இல்லை.

அதனால் ஒரு சாயங்காலம் அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டே, "மாசிக் கடைசியில ஒரு வாரம் எல்லாருமா மன்னாருக்குப் போயிட்டு வந்துருவோம்" என்று சொன்னபோது அவர் பாதிப் பேச்சுத்தான் எனக்குக் கேட்டது. போவது மட்டும்தான் மனதில் நின்றது. வருவதை நான் நம்பவில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அட்டைக்குப் பயம், ஆற்றுக்குப் பயம், தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களா நாய்க்குப் பயம். பதினேழு வயதாகி, கொழுந்து பறிக்கிறவளாக என் பேரும் செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப் பதிவில் ஏறிய பிறகும் இருட்டில் தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போகத் தம்பியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போவேன். அவனுக்கு ஆறு வயது. துணைக்கு வந்ததற்கு ஒரு வெல்லக்கட்டி கூலி வாங்குவான்.

அந்தத் தம்பியால்தான் இந்தப் பயணமே. முந்தின வருஷம் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் கைவிட்டுவிட்டார்கள். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, "கேதீஸ்வரநாதா, இவன் பொழச்சா ஒன் பாலாவிக் கொளத்துத் தண்ணியில கொண்டாந்து குளிப்பாட்டுறேன்" என்று வேண்டினாள். மலையில் இத்தனை மாரியம்மன் இருக்க மன்னார்ப் பக்கத்துச் சாமியை ஏன் கூப்பிட்டாள் என்று பிறகு கேட்டேன். சின்னப் பிள்ளையாக அக்கரையிலிருந்து வந்தபோது, ரயிலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகத் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். அந்தச் சாமிதான் முதலில் வாயில் வந்தது என்றாள். தம்பி பிழைத்துவிட்டான். இனி போகாமல் இருக்க முடியாது.

அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். எதையும் வெட்டுவதற்கு முன் நாலு சுற்று சுற்றிப் பார்ப்பார். பயணத்தையும் அப்படித்தான் போட்டார். மாசியில் பகல் வெயிலும் ராப் பனியும் சேர்ந்து செடியைக் கருக்கிவிடும், கொழுந்து குறையும். பங்குனியில் ஒரு மழை விழுந்துவிட்டால் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். அதன் பிறகு லீவு கேட்பதும் மலையைத் தள்ளிப் பார்ப்பதும் ஒன்று. ஆகவே சிவராத்திரியை ஒட்டி ஒரு வாரம், மழைக்கு முந்தித் திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். முள்முருங்கை மரங்களெல்லாம் இலை கொட்டிச் சிவப்பாகப் பூத்திருந்த நேரம். எல்லாரும் அண்ணாந்து பார்த்து அழகு என்றார்கள். எனக்கு அந்தப் பூவைக் கண்டாலே நாள் நெருங்குகிறது என்றுதான் படும்.

வழி சொல்லிக் கொடுத்தவர் தலவாக்கலையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. மன்னார்த் தீவு அவர் பிறந்த ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போனபோது அப்பா மெல்லப் பேச்சை எடுத்தார். நானாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கடையில் நின்ற மற்ற ஆட்களை அப்படியே விட்டுவிட்டுப் பலகையில் கருவாட்டை அடுக்கி வழி காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இந்தா, இந்த நெத்தலிக் குவியல் வட்டகொட ஸ்டேசன். இங்கின ஏறுறீங்க. இது பொல்காவலை. எறங்கி ரயில் மாறணும், தூங்கிறாதீங்க. இது அநுராதபுரம். இது மதவாச்சி. இங்கின திரும்பினா நேரா நம்ம ஊருதான்." ஒரு பெரிய பாறைக் கருவாட்டை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார். அதுதான் மன்னார்த் தீவு.

ஏழு நாளுக்கும் அவரே திட்டம் போட்டார். முதல் நாள் களைப்பாற அவர் தம்பி வீடு. மறுநாள் கேதீச்சரம், பாலாவியில் முழுக்கு, சிவராத்திரி விழிப்பு. அப்புறம் ஒரு நாள் படுத்துத் தூங்க. பிறகு இங்கிலீசுக்காரனுக்கும் முந்திப் பறங்கியர் கட்டிய கோட்டை. அரபுக்காரர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் பெருக்கமரம், பத்துப் பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாதாம். தெருவெல்லாம் கழுதை. முத்துக் குளித்த கடல். கடைசியில் கப்பல் கட்டுகிற தலைமன்னார்ப் பாலம், அங்கே நின்று பார்த்தால் ராமர் அணை மணல்திட்டு தெரியும்.

"வந்து தங்கிப் பாருங்க அண்ணே, அந்த மீனு ருசிக்கு மலைக்குத் திரும்பி வரமாட்டீங்க" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை நிஜமாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார். "போறப்ப ஒண்ணும் இல்ல. திரும்பி வாறப்பத்தான் கவனம். அக்கரையில இருந்து தோணியில வாறவங்க அந்த ரயில்லதான் உள்ளுக்கு வருவாங்கன்னு பொலிஸ் ஏறிப் பாக்கும். கேட்டா தோட்டத்துப் பேரச் சொல்லுங்க. பயப்படாதீங்க. பயந்த மூஞ்சியத்தான் புடிப்பாங்க."

இந்த ஒரு சொல் போதாதா எனக்கு? எங்கள் குடும்பத்திலேயே பயந்த மூஞ்சி யாருடையது என்று கேட்டால் தம்பிகூட விரலை நீட்டுவான். வீட்டுக்கு வந்து, துலக்கி வைத்த பித்தளைச் செம்பில் முகத்தைப் பார்த்துத் தைரியமாக இருக்கப் பழகினேன். செம்பில் முகம் வீங்கித் தெரிந்தது. "ஏன்க்கா, பல்லு வலிக்குதா?" என்றான் தம்பி.

அந்தக் காலத்தில் நாங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது எங்களுக்கே தெரியாத கேள்வி. அக்கரையிலிருந்து வந்தவர்கள் என்று ஓட்டுரிமையைப் பறித்துவிட்டார்கள். பிரஜாவுரிமைக்கு அப்பா எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் பதில் இல்லை. கடைத்தெருவில் வாய்த் தகராறு வந்தால் போதும், கள்ளத்தோணி என்று சொல்லிவிடுவார்கள். நானோ வட்டகொடைக்கு மேலே, லயத்தில் எங்கள் ஒற்றை அறையான அந்தக் காம்பராவில், அம்மா விறகு சுமந்து வந்த அன்று பிறந்தவள். தோணி என்பதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ரயிலில் ஒருவன் வந்து நீ யார் என்று கேட்டால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? மேல் டிவிசனில் ஒருவர் மன்னார்ப் பக்கம் சொந்தக்காரரைப் பார்க்கப் போய், பிடிபட்டு, அக்கரைக்கே அனுப்பப்பட்டதாக ஒரு பேச்சு இருந்தது. அவருடைய பெண்சாதி இங்கேதான் இருந்தாள். அவளைக் கொழுந்து மலையில் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"அம்மா, இங்கயே ஆத்துல குளிப்பாட்டினா சாமி கேக்காதா?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்.

"சாமிகிட்ட கடன் சொல்லி ஏமாத்தச் சொல்றியா? புள்ளயத் திருப்பிக் கேட்டா என்ன செய்வ?" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே தம்பியை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். பயம் எனக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்து ஆறுதல் வரவில்லை, இன்னும் மோசமாகத்தான் போயிற்று.

கங்காணி சொல்லி, கணக்கப்பிள்ளை சொல்லி, தொரையும் லீவு கொடுத்துவிட்டார். கோழிகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் காம்பரா அத்தை ஒப்புக்கொண்டாள். அத்தை என்பது முறைக்குத்தான். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவர் வழியாக அவள் தும்மினால் நாங்கள் 'நூறு வயசு' என்போம். மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற இன்னொருவர் கிடைத்தார். துணிமணி வைக்க அப்பா ஒரு டிரங்குப் பெட்டியை இரவல் வாங்கி வந்தார். புளிச்சோறு கட்ட அம்மா புளியைத் தேடி எடுத்து வைத்தாள். இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று.

கெடுத்தது அம்மாதான். கெடுத்தாள் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கதிர்காமத்துக்கோ சிவனொளிபாதமலைக்கோ போகிறவர்கள் வாசலில் நின்றே, "போயிட்டு வாறோம்" என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. ஊருக்கே போகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. காம்பரா காம்பராவாக உள்ளே போய், பாயில் உட்கார்ந்து, வெற்றிலை வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷத்துச் சண்டை சச்சரவுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் 'பயணம் சொல்லி'க்கொள்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. செத்த வீட்டுக்கு அடுத்தபடியாக லயத்தில் அதிகம் அழுகிறது அன்றைக்குத்தான்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முந்தி, அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்து என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவாள் என்றுதான் நினைத்தேன். முதல் வீட்டிலேயே உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பீலியடியில ஏதாச்சும் முன்னபின்ன பேசியிருந்தா மனசுல வச்சுக்காத தாயி. கடல் பக்கம் போறோம், நல்லது பொல்லாது யாரு கண்டா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். பயத்தில் மனம் தானாக எதைச் செய்யச் சொன்னதோ அதைச் செய்தாள். வழக்கம் எது, அர்த்தம் எது என்று அவளுக்கு யோசனையே இல்லை.

எனக்கு யோசனை வந்தது. அந்த வீட்டுக்காரியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சேலையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இரு" என்று என் கையைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இப்படியே லயத்தின் கடைசி வரை. அத்தை வீட்டில் அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அப்ப நெசந்தானா? பெட்டியக் கண்டப்பவே நெனச்சேன். வயித்துல பொறந்தவ மாதிரி ஒன்னய வச்சிருந்தேனே" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். அம்மாவைவிட அவள் நாலு வயதுதான் மூத்தவள்.

இருட்டுவதற்குள் எங்கள் வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முசிறிப் பக்கத்தில் இருக்கும் அக்காளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒருத்தி தேயிலைப் பொட்டலம் கொண்டுவந்தாள். ஒருவர் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்துப் பதம் பார்த்து, "அங்கின இதுக்கு என்ன வேல, எனக்குக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"நேத்திக்கடனுக்குப் போறோம்யா! அடுத்த கெழம வந்துருவோம்" என்று அப்பா சத்தம் போட்டார்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இல்லை இல்லை என்றுதானே எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? போன வருஷம் இரண்டு குடும்பம் கோயிலுக்கு என்று லீவு எடுத்துக் கப்பல் ஏறியிருந்தது. அப்பா மறுக்க மறுக்க அவர்களுக்குச் சந்தேகம் தெளிந்துகொண்டே வந்தது. போகிறோம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் விடிய, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனபோது கங்காணி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பேர் கூப்பிட்டு மலை பிரித்து முடிந்ததும் அப்பாவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "ஆபீசு வரைக்கும் பேச்சுப் போயிருச்சு. நீங்க போன மறுநாளே பேரு வெட்டிட்டு, அந்தக் காம்பராவ வேற குடும்பத்துக்குக் குடுக்கச் சொல்றாங்க. பக்கத்து வீட்டுப் பெரிய பயலுக்குத்தான் கேட்டிருக்காங்க" என்றார்.

பேர் வெட்டினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் காம்பரா இல்லை. காம்பரா இல்லையென்றால் நாங்கள் இந்த நாட்டில் எங்கே இருக்கிறோம் என்று காட்ட ஒன்றுமே இல்லை. அதுவரை ரயிலையும் பொலிசையும் நினைத்துப் பயந்தவள், நாங்கள் நல்லபடியாகத் திரும்பி வந்தாலும் வருவதற்கு ஒரு கதவு இருக்காது என்று அப்போதுதான் புரிந்துகொண்டேன். 

அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். ஜன்னலுக்கு வெளியே மத்தியானம் வரை நின்றார். கடைசியில் தொரை ஒரு வார்த்தை சொன்னாராம். குடும்பத்தில் செக்ரோலில் பேர் உள்ள ஒரு ஆள் தோட்டத்தில் நிற்க வேண்டும். தினமும் பெரட்டுக்கு வர வேண்டும். அப்படி நின்றால் காம்பராவை யாரும் தொட மாட்டார்கள்.

சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். செக்ரோலில் பேர் மூன்று. அப்பா போகாமல் வழி தெரியாது. அம்மா போகாமல் நேர்த்தி இல்லை. மிச்சம் யார் என்று கணக்குப் போட வாத்தியார் தேவையில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா திடீரென்று, "அப்ப நான் போகல. கொமரிப் புள்ளயத் தனியா விட்டுட்டு எந்தச் சாமியும் வேணாம்" என்றாள். அப்பா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார். அம்மாவின் மடியில் தம்பி தூங்கிவிட்டிருந்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "போங்க! எல்லாரும் போங்க! நான் இருக்கேன்" என்று கத்தினேன். அதைத் தைரியம் என்று பிற்காலத்தில் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். தைரியமா, மண்ணாங்கட்டியா! போவதற்கும் பயம், இருப்பதற்கும் பயம். இருக்கிற பயமாவது எனக்குத் தெரிந்த சுவருக்குள் இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவர்கள் விடியற்காலை டிரங்குப் பெட்டியோடு ஸ்டேசனுக்கு இறங்கினார்கள். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் திரும்பும்போதெல்லாம் நான் செம்பில் பழகிய முகத்தைக் காட்டினேன். அவர்கள் வளைவில் மறைந்ததும் பெரட்டுக்கு ஓடினேன். அப்பாவின் பேரைக் கூப்பிட்டார்கள். "லீவு" என்றேன். அம்மாவின் பேரைக் கூப்பிட்டார்கள். "லீவு" என்றேன். என் பேரைக் கூப்பிட்டபோது நான் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கங்காணி இரண்டாம் தரம் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று சொன்ன சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.

அந்த வாரம் லயமே என்னிடம் அன்பாக இருந்தது. அதைப்போல என்னைப் பயமுறுத்தியது வேறு இல்லை. ஒருத்தி ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். ஒருத்தி தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். "பாவம், பொட்டப்புள்ளய விட்டுட்டுப் போறதுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்று என் காது கேட்கவே பேசிக்கொண்டார்கள். தாய் தகப்பன் செத்த பிள்ளையை நடத்துவது போல நடத்தினார்கள். வந்துவிடுவார்கள் என்று நான் சொன்னால், "வந்துருவாங்க, வந்துருவாங்க, நீ சாப்புடு" என்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்தது. அப்பாவின் அண்ணன் துறையூர்ப் பக்கம் இருந்தார். தலைமன்னார்ப் பாலம் வரை போகிறவர்களுக்குக் கப்பல் எவ்வளவு தூரம்? தம்பி ஆண்பிள்ளை, அவனை அங்கே படிக்க வைக்கலாம். நான் கட்டிக்கொண்டு போக வேண்டியவள்தானே. இப்படியெல்லாம் நினைத்தேன். நினைத்துவிட்டு அம்மா மேல் இப்படி நினைக்கிறோமே என்று அழுதேன்.

துணைக்குப் படுக்க அத்தை பாயோடு வந்தாள். மகனுக்கு இந்தக் காம்பராவைக் கேட்டவளும் அவள்தான், எனக்குத் துணை வந்தவளும் அவள்தான். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சாக்குத் திரை கட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே காம்பராவில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஆனால் அவள் பாயை விரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சுவரை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். "மழைக்கு ஒழுகுமா?" என்று கேட்டாள். இரண்டாம் நாள், "எஞ் சின்னவனுக்கு ஒன்னய விட்டா யாரு இருக்கா, நீ இங்கயே இருந்துக்கலாமே" என்றாள். மருமகளும் கிடைத்த மாதிரி, காம்பராவும் கிடைத்த மாதிரி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! சின்னவனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை ரயில் கீழே ஊதிக்கொண்டு வந்து நின்று போயிற்று. பாதை வளைவிலேயே நின்றேன். யாரும் ஏறி வரவில்லை. அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அத்தை என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பாயை நடுக் காம்பராவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் தலவாக்கலைக்கு ஓடினேன். நானா என்னைத் தனியாகக் கண்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டார். "வரலயா?" என்றார். பயப்படாதீங்க என்று சொன்ன மனுஷனின் முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லாஹ், நான்தானே போங்க போங்கன்னு அனுப்பினேன். நீ வூட்டுக்குப் போ மகளே. நான் தம்பிக்குத் தந்தி அடிச்சுக் கேக்குறேன்." ஞாயிற்றுக்கிழமை தபால் கந்தோர் பூட்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

திரும்பி மேலே ஏறி வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். பொழுது சாயும்போது பாதையில் டிரங்குப் பெட்டி ஒன்று ஒருவர் தலையில் ஏறி வந்தது. முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன். பிறகு தம்பி ஓடி வந்தான். மொட்டைத் தலை. அம்மா வந்ததும் என்னை ஒன்றும் கேட்காமல், கை, கால், முகம் என்று தடவித் தடவிப் பார்த்தாள். அத்தை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, "நான்தான் சொன்னேனே, வந்துருவாங்கன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானா சொன்னது போலவே திரும்பும் வழியில்தான் நடந்தது. மன்னார் தாண்டி நடுக்காட்டில் ஒரு சின்ன ஸ்டேசன், அம்மாவுக்குப் பேர் தெரியவில்லை. பொலிஸ் ஏறி, பெட்டியையும் மொட்டையடித்த பிள்ளையையும் பார்த்து மூவரையும் இறக்கிவிட்டார்கள். அப்பா தோட்டத்துப் பேரைச் சொன்னார். தோணியில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தோட்டத்துப் பேரைப் பாடம் பண்ணிக்கொண்டுதான் வருகிறார்கள் என்றாராம் அந்த அதிகாரி. ரயில் போய்விட்டது. ராத்திரி முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். காலையில் அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அழுது சொன்னாள். மகே துவ, என் மகள், தோட்டத்தில் தனியாக இருக்கிறாள், இன்றைக்கும் போகாவிட்டால் செத்துப்போவாள்.

"என்ன வயசு?" என்று அவர் கேட்டார். அப்பா சொன்னார். அந்த மனிதருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டதாம். "பிஸ்ஸுத உம்பட்ட? உனக்குப் பைத்தியமா? குமரிப் பெண்ணைத் தனியா விட்டுட்டு நீ கோயிலுக்கு வந்தியா?" என்று அப்பாவை அடிக்காத குறையாகத் திட்டி, அடுத்த ரயிலில் அவரே ஏற்றிவிட்டார்.

"நீ இங்க இருந்ததாலதான் நாங்க வந்தோம்" என்றாள் அம்மா. முதலில் போட்ட திட்டப்படி நாலு பேருமாகப் போயிருந்தால், எங்களை எங்கள் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வர யார் இருந்திருப்பார்கள்? இங்கே வெட்டிய பேரை யார் எழுதியிருப்பார்கள்? இதை அவள் சொல்லவில்லை. எங்கள் நாலு பேருக்கும் அது அன்று மனதில் ஏறிவிட்டது. கடல் எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு நினைவே வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஓரிடத்துக்கும் போனதில்லை. திருவிழாவோ சாவோ, யாராவது ஒருவர் காம்பராவில் நின்றுவிடுவோம். அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை, அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. சில வருஷம் கழித்து எனக்குப் பொகவந்தலாவையில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைத் தோழனாகப் பெண்ணின் தம்பி நிற்க வேண்டும் என்று சொல்லித் தேடினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேறொரு பையனைப் பிடித்து நிறுத்தினார்கள். என் தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று காலையில் எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அவன் சட்டையே மாற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "நான் இருக்கேன்க்கா, நீங்க போங்க" என்றான்.